கன்னத்தில் வைத்துப் பார்த்த கயிறு

நான் லேபில் வேலை பார்ப்பதாகச் சொன்ன நாளிலிருந்து, புகுந்த வீட்டார் அனைவரும் நான் ரத்தம் எடுப்பவள் என்றே நம்பினார்கள். லேப் என்றால் ரத்தம், சர்க்கரை, உப்பு. வேறு வகை லேப் உலகத்தில் இருக்க நியாயமில்லை. பின்னலாடைக் கம்பெனியில் துணியைச் சோதிப்பதற்கென்று ஒரு கூடம் உண்டு, அங்கே ஒருத்தி மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு பனியனைத் துவைத்துத் துவைத்துப் பார்க்கிறாள் என்று எத்தனை முறை விளக்கினாலும், அதை என் தன்னடக்கமாக எடுத்துக்கொண்டார்கள். சேவூரிலிருந்து வந்த என் கணவரின் பெரியப்பா ஒருமுறை மஞ்சள் பைக்குள்ளிருந்து, காகிதம் சுற்றிய குப்பி ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"விடியால எந்திரிச்சதும் புடிச்சது கண்ணு. சக்கரை எவ்வளவு இருக்குதுன்னு பாத்துச் சொல்லு."

"மாமா, நான் துணிய மட்டுந்தானுங்க பாக்கறது."

அவர் சற்று யோசித்தார். "அப்ப ஒரு துணில நனைச்சுக் குடுத்தாப் பாப்பியா?"

இந்தக் கேள்விக்குத் தரக்கட்டுப்பாட்டு நூல் எதிலும் விடை இல்லை. ஆனால் அவர்கள் ஒன்றில் என்னைவிடத் தெளிவாக இருந்தார்கள். நான் தாளில் எழுதும் சொல் எங்கோ யாரோ ஒருவரின் உடம்பைத் தொடும் என்று அவர்கள் நம்பினார்கள். எனக்கு அந்த எண்ணம் வருவதற்குப் பணியில் சேர்ந்து நெடுங்காலம் ஆயிற்று. அது எப்படி வந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

உங்கள் கம்பெனிக்குத் தொங்கு படுக்கை ஆர்டர் வந்திருப்பதாகவும், அதற்கான கயிற்றை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று எழுதித் தரும்படியும் கேட்டிருந்தீர்கள். எந்த நூல், எத்தனை இழை, எந்த எந்திரம் என்பதெல்லாம் உங்கள் கணினியில் என்னைவிட நன்றாகவே இருக்கும். கயிற்றைத் தவறாகத் தேர்ந்தெடுத்த கதை கணினியில் இருக்காது. அது என்னிடம் இருக்கிறது.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ, சரியாக நினைவில்லை. எங்களிடம் குழந்தைகளுக்கான தொப்பி வைத்த பனியன்களை வாங்கிக்கொண்டிருந்த வெளிநாட்டு வாடிக்கையாளருக்குத் திடீரென்று காட்டில் போய்ப் படுக்கும் ஆசை வந்தது. மரத்துக்கு மரம் கட்டிப் படுக்கும் படுக்கை வேண்டும், நீங்கள்தான் வலைத்துணி பின்னுகிறீர்களே, அதிலேயே செய்து தாருங்கள் என்று எழுதினார். எங்கள் முதலாளி அந்தக் கடிதத்தைப் பாதி படித்திருக்கும்போதே "பண்ணிரலாமுங்க" என்று பதில் அனுப்பச் சொல்லிவிட்டார். திருப்பூரில் 'முடியாது' என்ற சொல்லுக்குப் பயன்பாடு குறைவு. பண்ணிரலாம் என்று முதலில் சொல்லிவிட்டு, என்ன பண்ண வேண்டும் என்று பிறகு கேட்பது எங்கள் ஊர் வழக்கம்.

எனவே மறுநாள் கூட்டம் போட்டு, படத்தைக் கைக்குக் கை கொடுத்துப் பார்த்தோம். பேக்கிங் பகுதிக்குப் பொறுப்பாளராக இருந்த சூசை, தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரத்துக்காரர். என் வயதுதான். மீன்பிடிக்கும் குடும்பத்திலிருந்து பிழைப்புக்காக இங்கே வந்தவர். படத்தை அவர்தான் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

"இது என்னது, பெரியாளுக்குத் தூளியா?"

"ஆமாங்ணா, ஹேமக்குன்னு பேருங்க" என்றான் ரமேஷ். அவன் மெர்ச்சண்டைசர், வாங்குபவர் கேட்பதைப் பட்டறைகளிடம் சொல்லி, பட்டறைகள் செய்வதை வாங்குபவரிடம் சொல்லி, இரு பக்கமும் வசவு வாங்குகிற வேலை. அவிநாசிப் பையன், பணிவானவன்.

"ஆட்டிவிட ஆளு? அதையும் நாமதான் கப்பல்ல அனுப்பணுமா?" என்று கேட்டுவிட்டு சூசை படத்தை நேராகத் திருப்பிக்கொண்டார்.

அந்தத் தூளிக்கு இரண்டு வகைக் கயிறு தேவை. ஒன்று, இரு முனைகளையும் மரங்களோடு கட்டுகிற தாங்கு கயிறு. மற்றொன்று, படுக்கைக்கு மேலே கூரை முகட்டைப் போல முனைக்கு முனை நீளும் முகட்டுக் கயிறு. படுக்கை எவ்வளவு தொய்ய வேண்டும் என்பதை அது தீர்மானிக்கும். படுப்பவரின் உயிர் இந்த இரண்டையும் நம்பித் தொங்குகிறது. இது படத்தைப் பார்த்த எவருக்கும் புரியும். எங்களுக்கும் புரிந்தது. ஆனால் நாங்கள் பனியன்காரர்கள்.

கயிற்றைப் பற்றி எங்களுக்கு அதுவரை தெரிந்திருந்த பாதுகாப்பு தலைகீழானது. குழந்தையின் தொப்பிக் கழுத்தில் கோக்கும் நாடா எங்காவது மாட்டி இழுபட்டால் விட்டுக்கொடுக்க வேண்டும். விட்டுக்கொடுக்காத நாடா கழுத்தை நெரிக்கும். ஆகவே நல்ல நாடா என்றால் வளைந்து கொடுப்பது, வழுக்கிக்கொண்டு வருவது, இருக்கும் இடம் தெரியாமல் இருப்பது. நல்ல மருமகளுக்கு ஊர் வகுத்த இலக்கணத்தையே நாடாவுக்கும் வைத்திருந்தோம்.

அதற்கும் மேலே, எங்கள் ஊர் மென்மையை வழிபடும் ஊர். எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் கட்டைவிரலால் தேய்ப்பார்கள், அடுத்து கன்னத்தில் வைப்பார்கள். கல்யாணப் பத்திரிகையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு "ஹேண்ட் ஃபீல் நல்லா இருக்குதுங்க" என்று சொன்ன சாயப்பட்டறைக்காரர் ஒருவரை நான் அறிவேன். மாப்பிள்ளையின் பெயரைப் படித்தாரா என்பது தெரியாது. சாயம் ஏறிய துணி எதுவானாலும் கடைசியாக சிலிக்கோன் சாஃப்ட்னர் தொட்டியில் ஒரு முழுக்குப் போட்டுத்தான் வெளியேறும். அந்த முழுக்கு இல்லாத துணி, எண்ணெய் தேய்த்துக் குளிக்காத தீபாவளியைப் போல, ஏதோ குறையுள்ளதாகவே எங்களுக்குத் தோன்றும்.

மங்கலத்தில் நாடா பின்னும் சிறு பட்டறை ஒன்றிலிருந்து பாலியஸ்டர் கயிற்றின் முதல் சாம்பிள் வந்தது. இறுக்கமாகப் பின்னியது, விறைப்பானது, கையில் எடுத்தால் சொரசொரவென்று இருந்தது. தேங்காய் நார்க் கயிற்றுக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று சொல்லலாம். சோதனை எந்திரத்தின் இரண்டு தாடைகளுக்கு நடுவில் கவ்வவைத்து இழுத்தேன். ஐந்தாறு ஆட்கள் ஒன்றாகத் தொங்கினாலும் அறாத பலம் இருந்தது. நீளவும் இல்லை. தொங்கு படுக்கைக்கு இதைவிடச் சிறந்த கயிறு எங்கள் வட்டாரத்தில் கிடைத்திருக்காது என்று இன்றைக்கு எனக்குத் தெரியும்.

அன்றைக்கு என் கையில் ஒரு படிவம் இருந்தது. பனியன் துணிக்காக அச்சடித்த படிவம். பலம், சுருக்கம், சாயம் போகுதல் என்று கட்டங்கள். கடைசிக் கட்டம், கையால் தொட்டுப் பார்த்து எழுதும் ஹேண்ட் ஃபீல். காலியாக விட்ட கட்டம் கண்ணை உறுத்தும் என்ற ஒரே காரணத்துக்காக அதில் 'ஹார்ஷ்', அதாவது சொரசொரப்பு, என்று எழுதினேன். தும்மல் வந்தால் தும்முவது போல எழுதினேன். பிறகு தேநீர் குடிக்கப் போய்விட்டேன்.

ரமேஷ் பணிவானவன் என்றேன் அல்லவா? லேப் மேடம் ஒரு சொல் எழுதினால் அதைத் தீர்க்காமல் அவனுக்குத் தூக்கம் வராது. நான்கு நாள் கழித்து அதே கயிறு திரும்பி வந்தபோது முயல் காதைப் போல இருந்தது. சாயப்பட்டறைக்கு எடுத்துச் சென்று, சாஃப்ட்னர் தொட்டியில் ஒரு முறைக்கு இரு முறை முக்கி எடுத்து வந்திருந்தான். அலுவலகமே அதை வரிசையில் நின்று கன்னத்தில் வைத்துப் பார்த்தது. நானும் வைத்தேன். முதலாளி வாங்கித் தேய்த்துவிட்டு, "இது கயிறாட்டமே இல்லீங்களே!" என்றார். அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்.

மறுபடி தாடைகளில் கவ்வவைத்து இழுத்தேன். பலம் கடுகளவும் குறையவில்லை. கடைசிக் கட்டத்தில் 'எக்ஸலன்ட்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். தைத்து முடித்த முதல் தூளியை முதலாளியே காரில் போட்டுக்கொண்டு போனார். உடுமலைப்பேட்டைக்கு அருகே அவருக்குத் தென்னந்தோப்பும் வீடும் இருந்தன. ஒரே மகள் சுகன்யா பிரசவத்துக்காக அங்கே வந்திருந்தாள். எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. "அம்முணி மத்தியானத்துல காத்தாடப் படுத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்து நாள் கழிந்தது. கப்பலுக்குப் போகவேண்டிய தூளிகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கியிருந்த முற்பகலில், சூசை கையில் ஒரு சுருள் கயிற்றுடன் லேபுக்குள் வந்தார்.

"மேடம், இந்தக் கயித்துல முடிச்சு நிக்க மாட்டுக்கு."

"சரியாக் கட்டுனீங்களா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க மாட்டேன். நாலு தலைமுறையாகப் படகைக் கயிறு போட்டுக் கட்டுகிற வீட்டு ஆளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டவள் நான்.

"நான் கெட்டுன முடிச்சு இது வரைக்கும் அவுந்ததே கெடையாது மேடம். எங்க அண்ணன் கல்யாணம் ஒண்ணுதான் அவுந்துச்சு, அது நான் கெட்டுனதில்ல. பாருங்க." ஒரு முனையை என் எந்திரத்தின் கொக்கியில் சுற்றி முடிச்சிட்டு, மறுமுனையை ஜன்னல் கம்பியில் கட்டினார். "இப்ப இழுங்க."

எந்திரத்தை ஓட்டினேன். முள் ஏறியது. பாதியில் நின்றது. கயிறு அறவில்லை. முடிச்சுக்கு வெளியே நீண்டிருந்த வால் மட்டும் சத்தமில்லாமல் குட்டையாகிக்கொண்டே வந்தது. இன்னும் கொஞ்சம் ஓட்டியதும், எங்கள் கண் முன்னாலேயே வால் முடிச்சுக்குள் போய் மறுபுறம் வெளியே வந்துவிட்டது. கயிறு தரையில் விழுந்தது. முழுப் பலத்தோடு, ஒரு கீறலும் இல்லாமல்.

"எண்ண தேச்ச வெரால் மீனு மாதிரில்லா போவுது" என்றார் சூசை.

தாடைகள் கவ்வும்போது கயிறு முடிச்சில்லாமல் நேராக இருக்கிறது. காட்டில் எந்த மரத்துக்கும் தாடை கிடையாது. அங்கே முடிச்சுதான் எல்லாம். முடிச்சு நிற்பதே கயிறு தன்னைத்தானே உரசிக்கொள்ளும் சொரசொரப்பினால். அந்தச் சொரசொரப்பைத்தான் நான் குற்றம் என்று எழுதி, கழுவி எடுக்கவைத்திருந்தேன்.

இளையவர்களாகிய உங்களிடம் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இதைப் புரிந்துகொண்ட அந்தக் கணத்தில் நான் பதறவில்லை. மதியச் சாப்பாடு முடிந்த பிறகு ஒரு குறிப்பு எழுதி, பேக்கிங்கை இரண்டு நாள் தள்ளிவைக்கச் சொல்லலாம் என்றே நினைத்தேன். சோற்று டப்பாவைக்கூட எடுத்துவிட்டேன்.

"மொதலாளி ஒண்ணு கொண்டு போனாருல்லா?" என்று சூசை கேட்டார். "அத எங்க கெட்டியிருக்காக?"

டப்பாவைக் கீழே வைத்தேன்.

முதலாளியின் கைபேசி தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது. தோப்பு வீட்டுத் தொலைபேசி ஆடிக் காற்றில் செத்துக் கிடந்தது; காற்றாலைகளுக்கு நல்லதாக இருக்கிற காற்று தொலைபேசிக் கம்பிக்கு ஆகாது. மூன்று முறை முயன்ற பிறகு கம்பெனியின் ஆம்னி வண்டியில் கிளம்பினோம். ஓட்டியவன் ரமேஷ். பக்கத்தில் சூசை. பின்னால் நான்.

பல்லடம் தாண்டினோம். பிறகு ரமேஷ் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் மெதுவாகச் சொன்னான்:

"மேடமுங்க, நீங்க ஹார்ஷுன்னு எழுதியிருந்தீங்க. அதுக்கோசரந்தானுங்க நானு…"

"தெரியும் ரமேஷ்."

"சாஃப்ட்னர் போடாதேன்னு யாரும் சொல்லலீங்க."

"போடுன்னும் யாரும் சொல்லலயே!" என்றார் சூசை. "கயித்துக்கு சாம்பு போட்ட மொத ஆளு நீதாம்டே."

"சூசை, அவனை விடுங்க" என்றேன். "தோப்புல ரெண்டு மரத்துக்கும் நடுவுல எவ்வளவு தூரம் இருக்கும்?"

சூசை கேலியை விட்டுவிட்டார். தென்னைகள் தள்ளித் தள்ளித்தான் நிற்கும், கயிறு பற்றாமல் இழுத்து இறுக்கித்தான் கட்டியிருப்பார்கள் என்றார். "தொய்வாக் கெட்டுனா ஆளு கனம்தான் கயித்துக்கு. வெறைப்பா இழுத்துக் கெட்டுனா அதே ஆளு மூணு ஆளாக் கனப்பான் மேடம். கயிறு எப்பவும் கொஞ்சம் தொங்கணும். கடல்ல பெறக்கிற பிள்ளைக்கும் தெரியும்."

ரமேஷ் வேகத்தைக் கூட்டினான்.

தோப்புக்குள் வண்டி நுழைந்தபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. தூரத்திலேயே தூளி தெரிந்தது. அது காலியாக இல்லை. இரண்டு தென்னைகளுக்கு நடுவே, படுத்திருப்பவரின் கண்ணுக்கு நேர் மேலே விறைத்து நிற்க வேண்டிய முகட்டுக் கயிறு, நடுவில் வளைந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதன் முடிச்சு ஏற்கெனவே நழுவிவிட்டது என்று அதற்குப் பொருள். கீழே, வாய்க்காலின் கல் கரை.

வேலையில் இருக்கும்போது எத்தனையோ முறை கத்தியிருக்கிறேன். அன்று கத்தவில்லை. கத்தினால் அவள் திடுக்கிட்டு எழுவாள். திடுக்கிட்டு எழுந்தால் கயிறு ஒரு உலுக்கு வாங்கும். வழுக்குகிற முடிச்சு உலுக்கலில்தான் விடும். ஆகவே, விருந்துக்கு வந்தவர்களைப் போல நடந்தோம். சூசை ஒரு மரத்துக்கும் ரமேஷ் மற்ற மரத்துக்கும் போனார்கள். சூசை முடிச்சைப் பார்த்துவிட்டு, எனக்கு இரண்டு விரல்களைக் காட்டினார். மீதமிருந்த வாலின் நீளம் அவ்வளவுதான். முடிச்சுக்கு முன்னால் கயிற்றை இரு கைகளாலும் பற்றி, மரத்தில் காலை ஊன்றிச் சாய்ந்து நின்றார். ரமேஷும் பார்த்து அப்படியே செய்தான். நான் தூளியின் அருகே போனேன்.

சுகன்யா விழித்துத்தான் இருந்தாள். "அட, லேப் அக்காங்களா! ஏனுங்கக்கா, இத்தனை தூரம்?"

"சும்மா உன்னையப் பாத்துட்டுப் போலாமுன்னு கண்ணு. மெதுவா எந்திரி. என்ற கையைப் புடிச்சுக்கோ."

"எந்திரிக்கறதே பெரும்பாடுங்க. அவங்க ரெண்டு பேரும் எதுக்குங்க மரத்தோட மல்லுக்கட்டறாங்க?"

"அது டெஸ்டிங்கு."

அவள் என் இரண்டு கைகளையும் பற்றி எழுந்தாள். ஒரு காலைத் தரையில் வைத்தாள். அடுத்த காலையும் வைத்தாள். அவளைப் பக்கத்தில் கிடந்த கட்டிலில் கொண்டுபோய் உட்காரவைத்தேன். அவள்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

"நீங்க வந்ததும் நல்லதாப் போச்சுங்கக்கா. யாருகிட்டயும் சொல்லாதீங்க, வெக்கமா இருக்குது. நான் ரொம்பக் கனத்துப் போயிட்டேன். மொத நாள் தூளி இடுப்பு ஒசரத்துல இருந்துச்சுங்க. தெனமும் எறங்குது. மரத்துல கோடு போட்டு வெச்சுப் பாத்தேன். ஒரு நாளைக்கு ஒரு சாண் கூட எறங்கியிருக்குது. தோட்டத்து ஆளை உட்டு ரகசியமா ரெண்டு தடவை இழுத்துக் கட்டிட்டேன். நேத்துல இருந்து ராத்திரிச் சாப்பாட்டையும் நிறுத்திப்போட்டனுங்க."

நான் அவளுடைய கையை விடவில்லை. ஒரு முடிச்சு நழுவியதற்கு எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி தன் உடம்பின்மீது பழிபோட்டு, பட்டினி கிடந்திருக்கிறாள். என் படிவத்தில் அதற்கு ஒரு கட்டமும் இல்லை.

"நீ கனக்கல கண்ணு" என்றேன். "கயிறுதான் வழுக்குது. இன்னைக்கு ரெண்டு வேளைச் சாப்பாட்டையும் சேத்துச் சாப்பிடு."

அதற்குள் முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பம்ப்செட் பக்கமிருந்து வந்துவிட்டார். கம்பெனி வண்டி, லேப் மேடம், மரத்தோடு மல்லுக்கட்டி நிற்கும் இரண்டு ஆண்கள். விஷயத்தைச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

"பாஸ் பண்ணுன கயிறு தானுங்களே? ரிப்போர்ட்டை நானே பாத்தனே. எக்ஸலன்ட்டுன்னு போட்டிருந்தீங்க."

"போட்டிருந்தேனுங்க. தப்பு."

"அட, ஒண்ணும் ஆகாதுங்க. கயிறு பஞ்சாட்டம் இருக்குது!" என்று சொல்லிக்கொண்டே, சூசை "மொதலாளி, வேண்டாம்" என்று சொல்லி முடிப்பதற்குள், தூளியில் தொப்பென்று உட்கார்ந்தார். சூசை அப்போதுதான் கயிற்றிலிருந்து கையை எடுத்திருந்தார்.

கயிறு அறவில்லை என்பதை மறுபடியும் பதிவு செய்ய விரும்புகிறேன். முடிச்சு ஒரு நாகரிகமான விருந்தாளியைப் போல, சத்தமில்லாமல் விடைபெற்றது. முதலாளி கல் கரைக்கு ஒரு முழம் இப்பால், காய்ந்த மட்டைகளின்மேல் உட்கார்ந்த நிலையிலேயே போய்ச் சேர்ந்தார். தோட்டத்து நாய் எழுந்து நின்று ஒருமுறை குரைத்துவிட்டு, விசேஷம் எதுவுமில்லை என்று கண்டு மறுபடி படுத்தது. சுகன்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில், எங்கே வலி கண்டுவிடுமோ என்று பயந்தேன். லேப்காரிதானே, பிரசவமும் பார்ப்பாள் என்று அங்கும் யாராவது நம்பிவிடக்கூடாதல்லவா?

"எவன்டா இந்தக் கயித்துக்கு சாஃப்ட்னர் போட்டது?" என்று மட்டைகளின்மேலிருந்தே முதலாளி கேட்டார்.

ரமேஷ் நிலத்தைப் பார்த்தான். அவன் வாய் திறந்தால் மூன்று சொற்களில் உண்மையைச் சொல்லிவிடலாம். திறக்கவில்லை. பணிவு அவனை அங்கேயும் விடவில்லை.

"ரமேஷைக் கேக்காதீங்க" என்றேன். "மங்கலத்துல இருந்து வந்த கயிறு நல்ல கயிறுங்க. சொரசொரப்பா இருக்குதுன்னு கொற எழுதுனது நானு. அப்பறம் முடிச்சே போட்டுப் பாக்காம பாஸ் பண்ணுனதும் நானு."

"ரெண்டும் நீங்களேவா?"

"ஆமாங்க."

அவர் என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், கல் கரையைப் பார்த்தார். சூசை கை கொடுத்துத் தூக்கிவிட்டதும், வேட்டியைத் தட்டிக்கொண்டே சொன்னார்:

"கயிறெல்லாம் மாத்திருங்க. புதுசாப் பின்னச் சொல்லுங்க. கப்பல் போனாப் போகுது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்றனுங்க மேடம். அம்முணி இதுல படுத்திருக்காட்டி, நீங்க வந்து சொல்லியிருந்தாலும் பாத்துக்கலாம், அனுப்புங்கன்னுதான் சொல்லியிருப்பேன்."

எங்கள் முதலாளியைப் பற்றிப் பலர் பலவிதமாகச் சொல்வார்கள். அவர் சொல்லி நான் கேட்ட மிக நேர்மையான வாக்கியம் அதுதான். அதைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. பெட்டிகளில் அடுக்கப்பட்டுக்கொண்டிருந்த அத்தனை தூளிகளிலும் யாராவது படுக்கப் போகிறார்கள் என்பது அன்று முற்பகல் பதினொரு மணிக்கே எனக்குத் தெரியும். அப்போது நான் எடுத்தது சோற்று டப்பாவை. பெயரும் முகமும் தெரிந்த ஒருத்தி அதில் படுத்திருக்கிறாள் என்றபோதுதான் வண்டியில் ஏறினேன்.

உங்களுக்கு ஏதாவது கற்றுத்தர எனக்கு உரிமை இருக்குமானால், அது இந்த வித்தியாசத்தைப் பற்றித்தான். படிவத்தில் கையெழுத்திடும் முன், அந்தப் பொருளில் உங்களுக்குத் தெரிந்த ஒருவரைப் படுக்கவைத்துப் பாருங்கள். பிடித்தவராக இருக்கட்டும், பிடிக்காதவரை நினைத்தால் சோதனை சரியாக வராது.

கயிற்றைப் பற்றிக் கேட்டீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன். நீளாத நூலாக, இறுக்கமான பின்னலாக, கை கூசுகிற கயிறாகப் பாருங்கள். எந்தத் தொட்டியிலும் முக்காதீர்கள். தாடையில் கவ்வவைத்துப் பார்த்தது போதாது. முடிச்சிட்டு, நனைத்து, மணல் மூட்டையைக் கட்டி ஒரு முழு நாள் தொங்கவிடுங்கள். முடிச்சின் ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுவையுங்கள். கோடு நகர்ந்திருந்தால், பலம் எவ்வளவு என்று எந்திரம் சொன்னாலும் அந்தக் கயிறு வேண்டாம். அந்த யோசனை எனக்கு எந்த நூலிலிருந்தும் வரவில்லை. தென்னையில் சுகன்யா போட்டிருந்த கோடுகளைப் பார்த்து வந்தது.

கயிற்றுக்கான படிவத்தில் ஹேண்ட் ஃபீல் கட்டத்தை அடித்துவிட்டேன். மறு ஆண்டு தணிக்கைக்கு வந்தவர், கட்டம் ஏன் குறைகிறது என்று கேட்டார். எங்கள் முதலாளி அதன்மேல் உட்கார்ந்துவிட்டார் என்றேன். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டு போனார்.

தூளிகள் மூன்று வாரம் தாமதமாகச் சென்றன. அந்த வாடிக்கையாளர் மறுபடி அதைக் கேட்கவில்லை. காட்டு ஆசை தீர்ந்திருக்கலாம். ரமேஷ் இப்போது வேறு ஒரு நாட்டில் பெரிய தொழிற்சாலையைக் கவனிக்கிறான் என்று கேள்வி. சூசை ஊருக்குத் திரும்பி, சில ஆண்டுகள் அண்ணனோடு படகில் போய்வந்தார். பிறகு ஒரு மாரடைப்பில் போய்விட்டார். முதலாளி அவருக்கும் முன்பே காலமானார். கம்பெனியையும் மூடிவிட்டார்கள். தோப்பில் சுகன்யா இருக்கிறாள். அந்த ஆவணியில் பிறந்த அவளுடைய மகளும் இருக்கிறாள்.